நீலக்கரை விளக்குகள்

அந்த ஆண்டு தீபாவளிக்குக் கடைத்தெருப் பக்கமே தலை காட்டுவதில்லை என்று இருந்தேன். என் கணவர் பொது மருத்துவமனையில் கிடந்தார். வயிற்றுப்புண் முற்றி அவர் சுருண்டு விழுந்த அன்று, அவசர ஊர்தி பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குறுகிய சந்துக்குள் பின்பக்கமாகவே நுழைந்து அவரை ஏற்றிச் சென்றதைத் தெரு முழுவதும் நின்று பார்த்தது. எழுபதுகளின் கடைப்பகுதி அது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவர் தொடர்வண்டித் துறையில் கட்டட வரைபடம் வரைபவர். எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் இடைநிலைப்பள்ளியில் படித்தாள். இளையவள் நான் பணியாற்றிய பள்ளியிலேயே படித்தாள்.

அறுவை நன்றாகவே முடிந்தது. தொல்லை அதற்குப் பிறகு வந்தது. அடுத்த கட்டிலில் இருந்தவர் ஓயாமல் வேடிக்கை பேசுகிறவர். என் கணவருக்குப் பொழுது போனதே அவரால்தான். ஒரு நாள் காலையில் அந்தக் கட்டில் வெறுமையாக இருந்தது, விரிப்பு மாற்றப்பட்டிருந்தது. அன்றிலிருந்து என் கணவர் பேச்சைக் குறைத்தார். பிறகு உணவைக் குறைத்தார். நான் கொண்டுபோகும் கஞ்சித் தூக்கு, கொண்டுபோன கனத்திலேயே திரும்பி வந்தது.

"அப்படியே இருக்குதே. உப்பு பத்தலையா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா" என்றார்.

அந்தச் சொல்தான் என்னை அச்சுறுத்தியது. திருமணமான நாள்முதல் உப்பைப் பற்றி என்னோடு வழக்காடாமல் ஒரு வேளையும் அவர் உண்டதில்லை. கூடுதல் என்பார், குறைவு என்பார், சரியாக இருந்தால் நேற்றைக்கு இப்படி இல்லையே என்பார். உப்பு எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை என்றால், அவர் எங்கேயோ விலகிப் போய்விட்டார் என்று பொருள். காயம் ஆறிவிட்டது, தீபாவளிக்கு முன்பே வீட்டுக்கு அழைத்துப் போகலாம், ஆனால் உண்ண வைப்பது உங்கள் பொறுப்பு என்று மருத்துவர் சொன்னார். உடம்பு வீடு வந்து சேர்ந்துவிடும். அவர் வந்து சேர்வாரா என்பதே என் கவலை.

மூத்தவளுக்கும் அதே கவலை இருந்திருக்க வேண்டும். ஒரு மாலை அவள் நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரியின் மேலிருந்த தாள்சுருள்களை இறக்கினாள்.

"ஒண்ணுமே கட்டலன்னா அப்பா வந்து பாக்கறப்ப வீடும் ஆஸ்பத்திரி மாதிரிதான்மா இருக்கும். நாமளே ஏதாச்சும் செய்யலாம்லா."

"என்ன செய்யறது?"

"வெளக்கு. போன மாசம் சீனப் பிள்ளைங்க தங்லோங் தூக்கிட்டுப் போனாங்களே, அந்த மாதிரி. அவங்களது கண்ணாடித்தாள். நம்மகிட்ட அப்பாவோட டிரேசிங் பேப்பர் இருக்கு. வெளிச்சம் நல்லா தெரியும்."

அவர் அலுவலகத்தில் கழித்த தாள்கள் அவை. பள்ளிப் புத்தகங்களுக்கு உறை போடுவதற்காக அவ்வப்போது கொண்டு வருவார். சிலவற்றில் கோடு பிசகியிருக்கும். சிலவற்றின் முனை கிழிந்திருக்கும். நடுப்பகுதி மட்டும் பால்வெள்ளையாக, விரல் வைத்தால் விரலின் நிழல் தெரிகிற மெல்லிய தாளாக இருக்கும். அவற்றோடு பழைய நீலப்படிகளும் ஒரு கட்டு இருந்தன. ஆழ்ந்த நீல நிலத்தில் வெள்ளைக் கோடுகளாகப் படியெடுத்த கட்டட வரைபடங்கள் அவை.

விளக்குக்கு வளையம் வேண்டும். கம்பியை வளைக்க எங்கள் மூவருக்கும் கைவலு போதவில்லை. தென்னை ஈர்க்கு வளையும் என்று எனக்குத் தோன்றியது. ஈர்க்குக்குப் பிரிக்பீல்ட்ஸில் எங்கே போவது? பாசாருக்குப் போய் ஒரு புதுத் துடைப்பம் வாங்கிவந்து கட்டை அவிழ்த்தேன்.

இளையவள் தள்ளி நின்று பார்த்தாள். "தொடப்பக் குச்சியில வெளக்கு செஞ்சா லட்சுமி வருவாங்களாம்மா?"

"தரையில படாத வரைக்கும் அது தொடப்பம் இல்ல. தென்ன ஓலைதான்."

"அப்ப கட்ட அவுத்தோன்னே மறுபடி ஓலையா ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. பேசாம தண்ணியில ஊறப் போடு."

ஊறிய ஈர்க்குகளைக் கொத்தாகச் சேர்த்து, வட்டமாக வளைத்து, தையல் நூலால் நெருக்கமாகச் சுற்றினோம். விளக்குக்கு மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். நான் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டிப் பசை காய்ச்சினேன். தாளை உருளையாகச் சுற்றி வளையங்களில் ஒட்ட வேண்டும். ஒருத்தி வளையத்தைப் பிடிக்க, ஒருத்தி தாளைச் சுற்ற, ஒருத்தி பசையை நீவிவிட என மூன்று பேருக்கும் சரியாக வேலை இருந்தது. முதல் உருளை கோணிக்கொண்டு நின்றது. அதைப் பிரித்து மறுபடியும் ஒட்டினோம். அடியில் குறுக்காக ஒரு மெல்லிய மரச்சட்டம் வைத்து, வெட்டிய பால் டின்னின் அடிப்பாகத்தை அதில் பொருத்தினோம்; மெழுகுத்திரி நிற்க அது போதும்.

ஒட்டி முடித்த இரண்டு விளக்குகளையும் எட்டி நின்று பார்த்தபோது எனக்கு ஏதோ ஒப்பவில்லை. வெறும் வெள்ளை. கரையில்லாத வெள்ளைப் புடவை என் கண்முன் வந்து நின்றது. நோயிலிருந்து மீண்டு ஒருவர் வரும் வீட்டின் வாயிலில் அந்த நிறம் தனியே தொங்கலாகாது. என் மனத்தில் ஓடியதைப் பெண்களிடம் சொல்லவில்லை. "கரை வெச்சா இன்னும் எடுப்பா இருக்கும்" என்று மட்டும் சொல்லி, நீலப்படியிலிருந்து பட்டைகளை வெட்டி, மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் ஒட்டினேன். வெள்ளை உடனே அடங்கி, விளக்குகளுக்கு ஒரு நிறைவு வந்துவிட்டது. எனக்கும் நெஞ்சு நிம்மதியாயிற்று.

எழுதும் உரிமையை இளையவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பாவின் நீல மைக்குப்பியில் தூரிகையைத் தோய்த்து, ஒரு விளக்கில் 'அப்பா' என்றும் மற்றதில் 'வருக' என்றும் எழுதினாள். உருளை ஒடுங்கியது, எழுத்துப் பெரியது. பக்கவாட்டில் எழுத இடமில்லை. ஆகவே எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கினாள். எழுத்தின் சுழியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆசிரியை வீட்டு வாயிலில் 'ரு' கால் நொண்டலாகாது என்று அவளைத் தனித்தாளில் பலமுறை எழுதிப் பார்க்கச் செய்தேன். நேர்த்தியான எழுத்துகளாக அமைந்தன.

அவர் வரவேண்டிய நாளில், காலையிலேயே வாயிற்கதவின் இருபுறத் தூண்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக விளக்குகளைக் கட்டினோம். என் கொழுந்தனார் கிள்ளானிலிருந்து தம் வண்டியில் வந்து, பிற்பகல் மருத்துவமனைக்குப் போய் அண்ணனை அழைத்து வருவதாக ஏற்பாடு. நான் வீட்டைக் கழுவினேன், ரசம் வைத்தேன், குழைய வடித்த சோற்றை மூடி வைத்தேன்.

அன்று சந்து வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. எங்களுக்கு எதிர்வீட்டில் ஒரு சீனக் குடும்பம். அந்த அம்மையாரை என் பெண்கள் ஆன்டி என்பார்கள். நானும் அப்படியே அழைப்பேன். துணி காயப்போடும் வேளையில் அவர் வீட்டு வானொலி தெருமுனைவரை கேட்கும். அன்று கேட்கவில்லை. என்னைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் அவருடைய வாயிற்கதவில் ஒரு சிவப்புத் தாள்பட்டை ஒட்டப்பட்டிருந்தது. அவருக்கு அடுத்த வீட்டிலும் அப்படியே.

"பாத்தீங்களா, அப்பா வர்றாருன்னு அவங்களும் செவப்பு ஒட்டியிருக்காங்க" என்று பெண்களை அழைத்துக் காட்டினேன். எவ்வளவு நல்ல அண்டை வீட்டார் நமக்கு வாய்த்திருக்கிறார்கள் என்று எனக்குக் கண் கலங்கியது.

வெயில் இறங்கும் நேரத்தில் ஆன்டி சந்தின் குறுக்கே நடந்து வந்தார். பூப்போட்ட மேற்சட்டை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அன்று கருநீல உடையில் இருந்தார். என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "ஜாஙான் சூசா ஹாத்தி" என்றார். மனம் வருந்தாதே என்று மலாயில் தேற்றும் சொல் அது. எனக்குப் புரியவில்லை. உடம்பு சுகமில்லாதவர் வீடு திரும்புவதற்கு இவ்வளவு துயரம் எதற்கு? அவர் என் உள்ளங்கையில் ஒரு வெள்ளை உறையை வைத்து விரல்களை மடக்கினார்.

"எதுக்கு ஆன்டி இது?"

அவர் தூணைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்களுக்குள் புழங்கிய, கடைத்தெருக் கொச்சையான பாசார் மலாயில் அவர் மெல்லச் சொன்னதன் கருத்து இது: "ரெண்டு வெள்ள வெளக்கு. நீலக்கரை. மேலேருந்து கீழ நீல எழுத்து. எங்காளுங்க வீட்டுல சாவு விழுந்தாத்தான் அப்படிக் கட்டுவோம். ஆம்புலன்ஸ்ல போனவர் திரும்பி வரல. நாங்க எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்னுதான் எங்க வழக்கப்படி கட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன். எவ்வளவு நல்ல மனசுன்னு வீட்டுல பேசிக்கிட்டோம்."

வெள்ளை உறையில் இருந்தது சாவு வீட்டுக்குக் கொடுக்கும் காசாம். அந்தச் சிவப்புத் தாளும், சாவு விழுந்த வீட்டின் நிழல் தங்கள் வீட்டின்மேல் படாதிருக்க ஒட்டுவதாம்.

என் வழக்கத்துக்கு ஆகாத வெறும் வெள்ளையை மாற்ற நான் நீலத்தைச் சேர்த்தேன். அந்த நீலமே அதை அவர்கள் வழக்கத்தில் முழுமையாக்கிவிட்டது. அதை நினைத்து நிற்க அப்போது நேரமில்லை. என் கணவர் பிறந்து வளர்ந்தது கிள்ளானில், சீனர் கடைவரிசையை ஒட்டிய வீட்டில். இந்த விளக்குக்குப் பொருள் என்ன என்று எனக்குத் தெரியாமல் போகலாம். அவருக்குத் தெரியாமல் போகாது. அடுத்த கட்டிலின் வெறுமையைப் பார்த்தே உணவை விட்டவர், தம் வீட்டு வாயிலிலேயே இதைப் பார்த்தால் என்ன ஆவார்?

"அவுத்து எடு, சீக்கிரம்" என்று மூத்தவளிடம் சொன்னேன். அவள் இறுக்கிப் போட்ட முடிச்சு. நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தபோதே கொழுந்தனாரின் வண்டி சந்துக்குள் திரும்பியது.

வண்டி நின்றும் கதவு திறக்கவில்லை. கொழுந்தனார் மட்டும் இறங்கி விரைந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, என்ன அண்ணி இது? நம்ம வீட்டுல யாருக்கு?"

"யாருக்கும் இல்ல தம்பி. வெளக்கு. சும்மா வெளக்கு."

பின்கதவைத் தாமே திறந்துகொண்டு என் கணவர் இறங்கினார். ஒரு கையால் வயிற்றை அணைத்தபடி வந்து வாயிலில் நின்றார். விளக்குகளைப் பார்த்தார். கருநீல உடையில் நின்ற ஆன்டியைப் பார்த்தார். என் கையிலிருந்த வெள்ளை உறையைப் பார்த்தார்.

"எனக்கா?" என்றார்.

அவர் எங்களைக் கடந்து உள்ளே போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆன்டி என் கையிலிருந்த உறையைப் பிடுங்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகத் தம் வீட்டுக்குப் போனார். அந்த உறைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்டதில்லை.

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மூத்தவள் ஒரு விளக்கை முதுகுக்குப்பின் மறைத்துக்கொண்டு, அழுத கண்ணோடு பின்கட்டுக்குப் போகப் பார்த்தாள்.

"அத இங்க கொண்டா."

"வேணாம்பா."

"கொண்டான்னு சொல்றேன்லா."

அவர் விளக்கை மடியில் வைத்துத் திருப்பினார். எழுத்துகளைப் பார்த்தார். 'அப்பா' என்று எழுதியிருந்த விளக்கு அது. தாளை விரலால் சுண்டிப் பார்த்தார். தம் அலுவலகத் தாள் என்று அப்போதே தெரிந்திருக்கும். பிறகு கீழ்க்கரையைக் கண்ணருகே தூக்கினார். நீல நிலத்தில் ஓடிய வெள்ளைக் கோடுகளைப் பின்தொடர்ந்து விளக்கை மெல்லச் சுழற்றினார். அவர் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. வரைபடத்தில் ஏதேனும் பிழை கண்டால் விழும் சுருக்கம் அது. பல கிழமைகளாக நான் அதைப் பார்க்கவில்லை.

"இத எங்கேருந்து வெட்டுனீங்க?"

"பீரோ மேல இருந்த பழைய புளூபிரிண்ட்தான்பா."

"என்ன பிளான்னு பாத்தீங்களா?"

"இல்லப்பா."

"கிள்ளான் லைன்ல ஒரு ஸ்டேசனோட கக்கூஸ். நான்தான் போட்டேன். இந்தா, இது தண்ணித் தொட்டி. இது கதவு தொறக்கற பக்கம்." அவர் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "ஏண்டா, நான் செத்தாலும் என் வாசல்ல கக்கூஸ் பிளானத்தான் கட்டுவாங்களாடா?"

முதலில் சிரித்தவர் கொழுந்தனார். "அண்ணே, நீ போட்ட பிளான்லயே இதுதான் உருப்படியா கட்டி முடிச்சது. வேற எத கட்டறது?" என்றார். என் கணவரின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று அஞ்சி அருகே போனேன்.

"சிரிக்க வெக்காதடா. தையல் வலிக்குது" என்றார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஆன்டி திரும்பி வந்தபோது உடை மாற்றியிருந்தார். கண்ணைப் பறிக்கும் சிவப்பு மேற்சட்டை. கையில் ஒரு பிஸ்கட் டின். கால் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் கணவரிடம் போய், சிவப்புத் தாளில் சுற்றிய ஒரு மிட்டாயை நீட்டி, இப்போதே வாயில் போட வேண்டும் என்றார். "சியால் போயிடும். போடு" என்று கண்டித்துச் சொன்னார். சியால் என்றால் பீடை. இரண்டு நாளாக நான் கெஞ்சியும் கஞ்சிக்குத் திறக்காத வாய், அந்த அதட்டலுக்குத் திறந்தது.

டின்னுக்குள் அங்பாவ் உறைகள் இருந்தன. புத்தாண்டில் சீனப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் காசு வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறைகள். செலவாகாமல் மிஞ்சியவற்றைச் சேர்த்து வைத்திருந்தார். வெள்ளையால் வந்ததைச் சிவப்பால்தான் கழிக்க வேண்டும், அதுவும் பொழுது சாய்வதற்குள் என்றார். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து வழி காட்டினார். உறையை நீளவாக்கில் நடுவே மடிக்க வேண்டும். மேல்முனை இரண்டையும் உள்ளே சாய்த்து மடக்க வேண்டும். இப்படி மடித்தவற்றைப் பக்கத்தோடு பக்கமாக ஒட்டிச் சுற்றி வளைத்தால், நடுவில் உப்பி மேலும் கீழும் ஒடுங்கிய குடுவை போன்ற ஒரு விளக்கு வரும். அடியில் சிவப்பு நூலால் குஞ்சம். உறைகளின்மேல் பொன்னிறத்தில் எழுத்துகள் இருந்தன. அவர் சிலவற்றை விலக்கி, ஒரே எழுத்துள்ள உறைகளாகப் பொறுக்கி என் கணவரின் பக்கம் தள்ளினார். நீண்ட ஆயுள் என்று அதற்குப் பொருளாம்.

வெள்ளை விளக்குகளுக்குக் காய்ச்சிய பசை மீதமிருந்தது. நாங்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். கொழுந்தனாரின் விரல்கள் துறைமுக வேலைக்குப் பழகியவை. உறைகள் அவரிடம் கசங்கின. "நீங்க மடிக்க வேணாம் சித்தப்பா, குஞ்சம் கட்டுங்க" என்று இளையவள் அவரைப் பதவி இறக்கினாள். மூத்தவள் மடித்ததை நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் கணவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"மடிப்பு ஒண்ணுக்கொண்ணு சேரல. இப்படி ஒட்டுனா உருளும், நிக்காது. என் ஸ்கேல எடு. பென்சிலையும் எடு."

அளவுகோல் வந்தது. பென்சிலின் கூரைப் பார்த்து முகம் சுளித்து, கத்தி கேட்டுச் சீவிக்கொண்டார். ஒவ்வோர் உறையிலும் நடுக்கோடும் சாய்வுக்கோடும் மெலிதாகப் போட்டுத் தந்தார். நாங்கள் அந்தக் கோட்டில் மடித்தோம். அதன் பிறகு வந்த விளக்குகள் ஒன்றுபோல நின்றன. ஆன்டி ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்து, தம் கணவருக்குப் பிறந்ததிலிருந்து இந்தப் பொறுமை கிடையாது என்றார்.

பொழுது சாய்வதற்குள் வாயிலில் சிவப்பு விளக்குகள் ஏறிவிட்டன. வெள்ளை விளக்குகளை என்ன செய்வது என்று மூத்தவள் கேட்டாள். எறியக்கூடாது என்று இளையவள் அடம்பிடித்தாள். 'ரு' அவ்வளவு பாடுபட்டு எழுதியது. என் கணவர் அவற்றை எடுத்து, நீலக்கரையின்மேல் சிவப்புத் தாளைத் தாமே அளந்து ஒட்டிக் கூடத்தின் உள்மூலையில் மாட்டினார். கழிப்பறை மறைந்தது. அப்பாவும் வருகவும் அங்கேயே இருந்தன.

ஆன்டி விடைபெற்றபோது அவர் வீட்டு வாயிலில் ஒட்டியிருந்த பட்டையைச் சுட்டி, "இனி அத கிழிச்சிடலாமே" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துச் சற்று எண்ணினார். "தீபாவளி முடியட்டும்" என்றார்.

கொழுந்தனாரும் கிள்ளானுக்குப் புறப்பட்டுப் போனார். நான் தட்டு வைத்தேன். என் கணவர் வந்து உட்கார்ந்தபோது அவருடைய கட்டைவிரலில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. கழுவியும் முழுதாகப் போகவில்லை. குழைந்த சோற்றில் ரசத்தை ஊற்றினேன். பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். பெண்கள் இருவரும் தங்கள் தட்டைப் பார்ப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வாய் வைத்தார். பிறகு நெற்றியில் அந்தச் சுருக்கம் விழுந்தது.

"உப்பு பத்தல" என்றார்.

உப்பு எடுத்து வர எழுந்து போனேன். சாடி எப்போதும் இருக்குமிடத்தில்தான் இருந்தது. ஆயினும் அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்ப எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"அங்க என்னம்மா செய்யற? சோறு ஆறுது" என்று அவர் குரல் கொடுத்தார்.